சீத்தா மரம்: கன்று நடுவதிலிருந்து கண் திறந்த காய் பறிப்பது வரை

சீத்தாவை வளர்ப்பதற்கு யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. கொட்டையைத் துப்பிய இடத்தில் முளைக்கும், பாறை இடுக்கில் வேர் விடும், நாலு மாதம் தண்ணீர் காட்டாவிட்டாலும் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். மூன்றாவது வருஷம்தான் சிக்கல் வரும். மரம் கொள்ளாமல் பூக்கும், எல்லாம் கொட்டிவிடும். தங்கிய இரண்டு மூன்று காயும் ஒரு பக்கம் சப்பியிருக்கும். உடனே உரக்கடைக்கு ஓடுகிறோம். உரம் போட்டால் இலைதான் பெருகும். சீத்தாவில் காய் பிடிப்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, பூவுக்குள் நடக்கும் நேரக்கணக்கு. மற்றது, இலைக்காம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் மொட்டு. இந்தக் கட்டுரை முக்கியமாக அவை இரண்டையும் பற்றியது. நடவு, நீர், உரம் எல்லாம் தேவையான அளவுக்குச் சொல்லப்படும்.

எந்தச் சீத்தா?

சாதாரணமாகச் சீத்தாப்பழம் என்று சொல்வது அனோனா ஸ்குவாமோசா. பத்து முதல் இருபது அடி வரை வளரும் குட்டை மரம். தோல் வழவழப்பாக, சிவந்த நிறத்தில் காய்க்கும் ராம்சீத்தா இதன் உறவு. பழம் சுமார்தான், ஆனால் ஒட்டுக்கட்ட நல்ல வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடி. முள்சீத்தா இன்னொரு உறவு. பழம் பெரிது, புளிப்பு, குளிரைக் கொஞ்சமும் தாங்காது. சீத்தாவையும் மலைப்பகுதியில் விளையும் செரிமோயாவையும் கலந்து பெற்றது அட்டிமோயா. 1908இல் ஃபுளோரிடாவில் வெஸ்டர் என்ற தோட்டக்கலை அறிஞர் இந்தக் கலப்பைச் செய்தார். கொட்டை குறைவு, சதை அதிகம், பறித்த பிறகு சீத்தாவைவிட ஓரிரண்டு நாள் கூடுதலாக நிற்கும். அர்கா சஹன் என்ற ரகமும் அட்டிமோயாவைச் சீத்தாவோடு மறுபடி கலந்து வந்ததுதான்.

முதல் மரம் என்றால் சாதாரணச் சீத்தாவையே வையுங்கள். அட்டிமோயா வகைகள் பழத்தில் சிறந்தவை, ஆனால் பெரும்பாலானவை கையால் மகரந்தம் சேர்த்தால்தான் ஒழுங்காகக் காய்க்கும். ஜெஃப்னர் என்ற ரகம் மட்டும் இதில் கொஞ்சம் தாராளம், தானாகவும் ஓரளவு பிடிக்கும்.

விதைக்கன்றா, ஒட்டுக்கன்றா? மாமரத்தில் மாறுவது போலச் சீத்தாவில் விதைக்கு விதை பெரிய அளவுக்குக் குணம் மாறாது. நல்ல மரத்துப் பழத்தின் விதை பெரும்பாலும் நல்ல மரத்தையே தரும். விதைக்கன்று மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும், ஒட்டு ஒரு வருஷம் முந்தும். அட்டிமோயாவில் மட்டும் விதையை நம்பக் கூடாது. ஒட்டுதான் வாங்க வேண்டும்.

விதை போடுவதானால் மேல்தோலை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றரை செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்க மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் பொறுமையிழந்து தோண்டிப் பார்ப்பவர்களால்தான் பாதி விதை வீணாகிறது. விதை ஊன்றும் பை ஒரு அடி உயரமாவது இருக்கட்டும். ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுவிட்டால், நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிராது. நாலைந்து வருஷம் கழித்துக் காற்றில் மரம் சாயும்போதுதான் அது தெரியவரும்.

இடமும் குழியும்

முழு வெயில் வேண்டும். நிழலில் மரம் உயரும், பூ குறையும். மண் எதுவானாலும் பரவாயில்லை: செம்மண், சரளை, மணல் எல்லாவற்றிலும் வரும். தண்ணீர் தேங்கக் கூடாது என்பது மட்டும் கட்டாயம். வேர்கள் மேலாக ஓடுபவை. இரண்டு மூன்று நாள் மூழ்கிக் கிடந்தாலே அழுக ஆரம்பிக்கும். குழி தோண்டியதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்தக் குழியை மூடிவிட்டு, ஒன்றரை அடி உயரம், நாலு அடி அகலத்துக்கு மேடு கட்டி அதன் மேல் நடுங்கள்.

வடிகால் சரியாக இருந்தால் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழக் குழி போதும். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, அதில் நான்கில் ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். மக்காத சாணத்தைப் போட்டால் குழிக்குள் சூடேறி இளவேர் வெந்துவிடும், கரையானும் வரும். ஒட்டுப்பகுதி தரைமட்டத்திலிருந்து அரை அடி மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் தளிர்களைக் கண்டவுடன் கிள்ளிவிடுங்கள். விட்டுவிட்டால் இரண்டு வருஷத்தில் ஒட்டு செத்து வேர்ச்செடி மட்டும் நிற்கும், ஏன் பழம் மாறிவிட்டது என்று கேட்கும்படி ஆகும்.

மரத்துக்கு மரம் 12 முதல் 15 அடி. கவாத்து செய்து குட்டையாக வைப்பதானால் 10 அடியும் போதும். நட்டதும் ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். தூரைச் சுற்றி மூன்று அங்குல உயரத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு போடுங்கள், ஆனால் தண்டை ஒட்டி அரை அடி வெறுமையாக இருக்கட்டும். தண்டோடு ஈர மூடாக்கு ஒட்டிக் கிடந்தால் தூர் அழுகும்.

முதல் இரண்டு வருஷம்

முதல் வருஷம் மழையில்லாத நாட்களில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்து லிட்டர். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது மோசமான பழக்கம். வேர் மேலேயே சுற்றிக்கொள்ளும். இரண்டாம் வருஷத்திலிருந்து விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலத்துக்குக் கீழே காய்ந்திருந்தால் ஊற்றினால் போதும்.

கன்று இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியை வெட்டிவிட வேண்டும். மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். கீழே கிளம்பும் தளிர்களில் வெவ்வேறு திசையில் போகும் மூன்று நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அவை ஒன்றரை அடி நீண்டதும் மறுபடி நுனி வெட்டு. நடுப்பகுதி கிண்ணம் போலத் திறந்து, மரம் ஏழெட்டு அடிக்குள் நிற்க வேண்டும். அழகுக்காக இதைச் சொல்லவில்லை. பூவைக் கையால் தொட வேண்டிய மரம் இது. ஏணி போட்டு ஏற வேண்டியிருந்தால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள்.

ஒளிந்திருக்கும் மொட்டு

ஒரு சீத்தா இலையைக் காம்போடு பிடித்து மெல்லக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். பெரும்பாலான மரங்களில் இலைக்கும் தண்டுக்கும் இடையில், கணுவின் மேல் மொட்டு வெளியே தெரியும். சீத்தாவில் இலை இருக்கும்வரை எதுவும் தெரியாது. காம்பு கழன்று வந்ததும் அதன் அடி குழிந்து, தொப்பி போல இருப்பதைக் காணலாம். அந்தத் தொப்பிக்குள் இருந்ததுதான் மொட்டு. தண்டில் சாம்பல் நிற மயிரோடு ஒரு சின்னப் புடைப்பாக உட்கார்ந்திருக்கும். இலை விழுந்தால்தான் அது வெளியே வரும். புதுத் தளிர் வந்தால்தான், அதன் அடியில் புதுப் பூ வரும்.

வறட்சியில் இலை உதிர்த்து மழைக்குத் துளிர்க்கும் இடங்களில் இந்த வேலையை இயற்கையே செய்துவிடும். வருஷம் முழுக்கத் தண்ணீர் கிடைக்கும் தோட்டத்தில் பழைய இலை விழாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும், மரம் பச்சையாக, மலடாக நிற்கும். அங்கே கை வைக்க வேண்டும்:

மரம் துளிர்க்காமல் நிற்கும் ஓய்வுக் காலம் முடியும் தறுவாயில், பென்சில் பருமனுள்ள கிளைகளின் நுனியை நாலு அங்குலம் வெட்டுங்கள். வெட்டுக்குக் கீழே உள்ள ஐந்தாறு இலைகளைக் காம்போடு உருவிவிடுங்கள். அன்றே மரத்துக்கு நிறையத் தண்ணீர் கொடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் உருவிய கணுக்களிலிருந்து தளிர் வரும், தளிரின் அடிப்பகுதியில் பூமொட்டு தொங்கும். மரம் முழுவதையும் ஒரே நாளில் உருவ வேண்டாம். பாதியை இப்போது, மீதியை ஒரு மாதம் கழித்து என்று செய்தால் பழமும் பிரிந்து வரும், ஒரே வாரத்தில் நாற்பது பழத்தை என்ன செய்வது என்று திண்டாட வேண்டாம். இரண்டு வயதுக்குக் குறைந்த கன்றிலும், நோய்ப்பட்ட மரத்திலும் இலை உருவக் கூடாது.

பூவின் நேரக்கணக்கு

சீத்தாப் பூவைப் பூவென்றே பலர் கவனிப்பதில்லை. விரல் நுனி நீளத்தில், பச்சையும் மஞ்சளுமாக, மூன்று தடித்த இதழோடு தலைகீழாகத் தொங்கும். இதழை விலக்கினால் நடுவே ஒரு சிறு கூம்பு. கூம்பின் உச்சி சூலகமுடிகள், அதாவது பெண் பாகம். அதைச் சுற்றி அடியில் நெருக்கமாக அடுக்கியிருப்பவை மகரந்தத் தாள்கள், ஆண் பாகம். இரண்டும் ஒரே பூவில் இருந்தும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. பெண் பாகம் முதலில் பக்குவமாகிறது. அது காய்ந்த பிறகுதான் ஆண் பாகம் மகரந்தம் விடுகிறது.

பெண் நிலையில் பூவின் இதழ் நுனி மட்டும் சற்றுப் பிரிந்திருக்கும். உள்ளே கூம்பு ஈரமாக மின்னும், தொட்டால் பிசுபிசுக்கும். ஆண் நிலையில் இதழ்கள் அகல விரிந்துவிடும். கூம்பு உச்சி பழுப்பேறிக் காய்ந்திருக்கும், வெள்ளையாக இருந்த மகரந்தத் தாள்கள் மஞ்சள் பழுப்பாகித் தளர்ந்து நிற்கும். உள்ளங்கையில் தட்டினால் தாள்களும் மாவு போன்ற மகரந்தமும் கொட்டும்.

இயற்கையில் இந்த இடைவெளியை நிரப்புவது அரிசியைவிடச் சிறிய கரும்பழுப்பு வண்டுகள். ஒரு பூவில் இரவைக் கழித்து, மேலெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த பூவுக்குள் நுழையும். தேனீ இந்தப் பூவை எட்டிப் பார்ப்பதில்லை, அதனால் தேன்பெட்டி வைத்துப் பயனில்லை. பூப்பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடித்தால் இந்த வண்டுகள்தான் முதலில் சாகும். காய் பிடிக்காததற்கு அதுவே காரணமாக இருப்பது மிகச் சாதாரணம். கனிந்த பழத்தோலை ஒரு டப்பாவில் போட்டு மரத்தடியில் வைத்தால் வண்டு கூடும். ஆனால் காய் முற்றும் முன் டப்பாவை எடுத்துவிடுங்கள், வெடித்த பழத்துக்குள்ளும் இவை புகும்.

வண்டை நம்பாமல் கையால் செய்வது இப்படி:

1. விடியற்காலை, வெயில் ஏறும் முன் மரத்தடிக்குப் போங்கள். முதல் நாள் வெறுமனே பாருங்கள். எந்தப் பூ எந்த நிலையில் எத்தனை மணிக்கு இருக்கிறது என்பது வெப்பத்துக்கு ஏற்ப மாறும், அதை மரம்தான் சொல்லும்.

2. ஆண் நிலைப் பூக்கள் பத்தைப் பறித்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் தட்டுங்கள். தாள்களும் விழட்டும், பிரிக்க வேண்டியதில்லை. குப்பியும் தூரிகையும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் மகரந்தம் கட்டிபிடித்துவிடும்.

3. ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகையை மகரந்தத்தில் தோய்த்து, பெண் நிலைப் பூவின் இதழிடுக்கில் விட்டு, கூம்பைச் சுற்றி மூன்று நான்கு முறை சுழற்றுங்கள். இடுக்கு போதாவிட்டால் ஒரு இதழை ஒடித்துவிடலாம், பூவுக்கு ஒன்றும் ஆகாது.

4. செய்த பூவின் காம்பில் நூல் கட்டுங்கள். இல்லையென்றால் மறுநாள் எது செய்தது, எது செய்யாதது என்று தெரியாது.

5. சேகரித்த மகரந்தத்தை அன்று காலையே தீர்த்துவிடுங்கள். நாள்பட்டால் வீரியம் போய்விடும்.

மூன்றாவது படியில் சுழற்றச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சீத்தாப்பழத்தின் மேலே தெரியும் ஒவ்வொரு புடைப்பும் தனித்தனிச் சூலகம். எல்லாம் ஒட்டி வளர்ந்துதான் ஒரு பழம். தூரிகை ஒரு பக்கம் மட்டும் பட்டால் அந்தப் பக்கச் சூலகங்கள் மட்டுமே விதை பிடித்துப் பருக்கும், மறுபக்கம் வளராது. சப்பைக் காய் வருவது இப்படித்தான். சத்துக்குறைவு என்று நினைத்து உரம் வைத்தால் அது நிமிரப் போவதில்லை.

இதழ் உதிர்ந்த பின்னும் நடுக்கூம்பு பச்சையாக நின்றால் பிடித்துவிட்டது. கருத்து, தொட்டதும் உதிர்ந்தால் பிடிக்கவில்லை. கடும் வெயிலும் வறண்ட காற்றும் அடிக்கும் நாட்களில் பெண் பாகம் சீக்கிரம் காய்ந்துவிடும். அப்போது மாலையில் மரத்தடியை நனைத்து வைத்தால் மறுநாள் பூ கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். அட்டிமோயா வகைகளுக்குப் பக்கத்தில் சாதாரணச் சீத்தா இருந்தால் அதன் மகரந்தத்தைப் பயன்படுத்துங்கள், நன்றாகப் பிடிக்கும்.

கை பழகியதும் எல்லாப் பூவிலும் செய்யத் தோன்றும். வேண்டாம். பருத்த கிளையை ஒட்டியுள்ள பூக்களாகத் தேர்ந்து, கிளைக்கு மூன்று நான்கு போதும். முதல் காய்ப்பில் மரத்துக்குப் பத்துப் பதினைந்து காய்க்கு மேல் விட்டால் கிளை ஒடியும், அடுத்த வருஷம் மரம் படுத்துவிடும்.

காய் வளரும் காலம்

சாதாரணச் சீத்தா பூவிலிருந்து முற்ற மூன்றரை முதல் நான்கு மாதம். அட்டிமோயாவுக்கு ஐந்து மாதம் வரை ஆகலாம். இந்தக் காலத்தில் மட்டும் தண்ணீர் தவறக் கூடாது. காயவிட்டுத் திடீரென்று நிறையக் கொடுத்தால் காய் வெடிக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் துளிர்க்கும் சமயத்தோடு நிற்கட்டும், காய் பருக்கும்போது சாம்பல்சத்துதான் (பொட்டாஷ்) தேவை. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு, சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் வரும். கீழிலை முதல் எல்லாமே வெளுத்தால் முதலில் தூரில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

பூச்சிகளில் முக்கியமானது மாவுப்பூச்சி. காயின் புடைப்புகளுக்கு இடையேயுள்ள பள்ளம் அதற்கென்றே செய்த வீடு. ஆரம்பத்தில் வெள்ளைப் பஞ்சு போல ஒரு துளி, இரண்டு வாரத்தில் காயே தெரியாது. அது கழிக்கும் தேன்துளியில் கரும்பூசணம் படரும். மரத்தில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம், எறும்புதான் காவல். அதனால் எறும்பை நிறுத்துவது முதல் வேலை: தண்டில் ஒரு துணிப்பட்டை சுற்றி, மேலே பிசின் அல்லது கெட்டி மசகு தடவுங்கள். மண்ணைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள், அவை எறும்புக்கு மாற்றுப்பாதை. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் பள்ளங்களில் படும்படி அடியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். பூ இருக்கும்போது அடிக்காதீர்கள்.

கல் போலக் கருத்துச் சுருங்கி மரத்திலேயே தொங்கும் காய்களை ஒன்று விடாமல் பறித்து அப்புறப்படுத்துங்கள். அடுத்த வருஷத்து அழுகலும் காய்த்துளைப்பானும் அதற்குள்தான் காத்திருக்கும். காய் எலுமிச்சை அளவு வந்ததும் மெல்லிய துணிப்பை கட்டிவிட்டால் காய் ஈ, அணில், வௌவால் எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு. கட்டும் முன் மாவுப்பூச்சி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதற்குக் கூடாரம் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

பறிப்பு

சீத்தாவை மரத்திலேயே பழுக்கவிட்டால் விண்டு விழுந்துவிடும். பிஞ்சிலே பறித்தால் பழுக்காது, கருத்து வற்றும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம்தான். அடையாளம் பள்ளங்களில் இருக்கிறது: புடைப்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நடுவே வெளிர்மஞ்சள் கோடு தெரியும். கண் திறப்பது என்பது இதுதான். அந்தக் கட்டத்தில் காய் இன்னும் கெட்டியாகவே இருக்கும். திருகி இழுக்காமல் அரை அங்குலக் காம்போடு கத்தரியுங்கள். பிடுங்கினால் காம்புக்குழி கிழிந்து அங்கிருந்து அழுகும்.

அறை வெப்பத்தில் இரண்டு முதல் நான்கு நாளில் பழுக்கும். கட்டுக்கடங்காமல் பழுக்கிறதே என்று காயைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், தோல் கருத்து உள்ளே பழுக்காமல் நின்றுவிடும். நன்றாகப் பழுத்த பிறகு ஓரிரு நாள் வைக்கலாம்.

சதையைச் சேமிக்க வேண்டுமானால் விதையை நீக்கி, சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து உறைய வையுங்கள், நிறம் மாறாது. தோலை ஒட்டிய பகுதியைச் சுரண்ட வேண்டாம், மணல் போல நறநறக்கும். சூடாக்கினால் கசப்பு வரும், எனவே குளிர்ந்த பண்டங்களுக்குத்தான் இது ஏற்றது.

விதையோடு மிக்சியில் அரைப்பது மட்டும் கூடவே கூடாது. முழு விதையை விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும், உடைந்தால் நஞ்சு. பேனுக்கென்று விதைப்பொடியைத் தலையில் தேய்க்கும்போது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வையே பாதிக்கப்படலாம். குழந்தைகளின் தலைக்கு வேண்டவே வேண்டாம். முள்சீத்தா இலைக் கஷாயம் புற்றைக் குணமாக்கும் என்று சுற்றும் செய்திகளுக்கு மனிதர்களிடம் நிரூபணம் இல்லை. கரீபியத் தீவான குவாதலூப்பில் முள்சீத்தாப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நீண்ட நாள் எடுத்துக்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு அதிகமாகக் காணப்பட்டதாக 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள், அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை. எப்போதாவது பழம் தின்பது வேறு, தினமும் கஷாயம் குடிப்பது வேறு.

மிச்ச விதையை நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, பழத்தின் ரகத்தையும் தேதியையும் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.